நான்காம் எண் படகு

கூதிர் முடிந்தும் முடியாத நாள்கள் அவை. வானம் பொழிவதை நிறுத்தவுமில்லை. பொழிகிறேன் என்று ஒப்புக்கொள்ளவுமில்லை. கடலுக்கும் முகிலுக்கும் இடையே இருக்கவேண்டிய கோடு அழிந்து, ஈயத்தை உருக்கி ஊற்றியது போன்ற ஒரே நிறம் நாற்றிசையும் பரந்து கிடந்தது. ஞாயிறு எழுந்ததை ஒளியால் அன்று, கடிகாரத்தால் அறியவேண்டியிருந்தது. வாடைக்குச் சினமில்லை, நெடுநாள் நோயாளியின் மூச்சுப்போல நின்று நின்று வந்தது. வந்தபோதெல்லாம் மேல்தளத்தில் அடுக்கி வைத்த சாய்நாற்காலிகளின் ஈரத்துணி ஒருமுறை விம்மி அடங்கிற்று. கடற்பறவைகளும் பறக்க மனமின்றிக் கைப்பிடிக் கம்பிகளின்மேல் கழுத்தை உள்ளிழுத்து அமர்ந்திருந்தன. கூடியிருப்போர்க்குக் குளிராகவும் பிரிந்திருப்போர்க்கு வேறொன்றாகவும் வருகின்ற பருவம் அது.

அத்தகைய ஒரு விடியலில், ஏழு நாள் உலாக் கப்பல் ஒன்று தன் மூன்றாம் துறைமுகத்துக்கு முக்கால் கிலோமீட்டர் முன்பே நங்கூரமிட்டு நின்றது. அவ்வூரின் ஆழத்துறைகளைச் சரக்குக் கப்பல்கள் பிடித்துக்கொண்டிருந்தமையால், பயணிகளைச் சிறுபடகுகளில் இறக்கி, நூறு நூறு பேராகக் கரை சேர்ப்பது என்பது ஏற்பாடு. கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அக்கப்பல் விளக்கேற்றிய வெண்மாடம்போலத் தோன்றியிருக்கும். அதன் ஏழாம் தளத்தில், சன்னலில்லாத உள்ளறை ஒன்றில், கணவனும் மனைவியுமாக முதியோர் இருவர் நான்கு மணிக்கே விழித்துக் கிடந்தனர்.

அவர் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு மெய்ப்புத் திருத்தி ஓய்ந்தவர். கப்பலின் உணவுப் பட்டியலைக்கூட இரண்டு பிழையேனும் காணாமல் கீழே வைக்கமாட்டார். வீட்டில் உற்றாரும் வெளியில் மற்றோரும் அவரை மெய்ப்பாளர் என்றே சொல்லிப் பழகியிருந்தனர். அவர் வாழ்வில் வளையாதவை இரண்டு: ஒன்று நேரம், மற்றொன்று காலை ஏழரை மணிக்கு இறைவன் திருவுருப் படத்தின்முன் பாடும் பதிகம். அவர் மனைவி மருத்துவமனையொன்றில் பச்சிளங்குழந்தைப் பிரிவின் செவிலியாக இருந்தவர். எடை குறைந்து பிறந்த உயிர்களை உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி, எதையும் மெல்லத் தொடும் கை அவருக்கு வாய்த்திருந்தது.

இக்கப்பலைத் தெரிந்தெடுத்தவர் செவிலியம்மாள்தான். கடல் காணும் ஆசையால் அன்று. கப்பல் நிற்கும் மூன்று ஊர்களில் மூன்றாவது ஊர், அவருடைய தம்பி பதினோர் ஆண்டாக வாழும் ஊர். அவ்வூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவன். இப்போது சிறுநீரகம் இரண்டும் பழுதுபட்டு, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருகிறவன். அவனால் பயணம் செய்ய இயலாது. இவர்களாலும் தனியே அத்துணைத் தொலைவு விமானம் மாறி மாறி வந்து சேர இயலாது. மெய்ப்பாளரின் இதயத்தை அறுத்துத் தைத்த மருத்துவர் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடல்வழியே ஒரு பகற்பொழுது கரையில் கிடைக்கும் என்று அறிந்த அன்று, அவ்வம்மாள் விளம்பரத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்கினார்.

முதலிரண்டு துறைமுகங்களும் அவருக்கு வெறும் காத்திருப்பாகவே கழிந்தன. முதல் ஊரில் வழிகாட்டிப் பெண் ஒருத்தி சிவப்புத் துடுப்பொன்றை உயர்த்திப் பிடித்து நடக்க, நாற்பது பேர் அதன் பின்னே நடந்தனர். பழைய கோட்டைச் சுவர் ஒன்றைப் பார்த்தனர். கட்டணக் கழிப்பறை ஒன்றைத் தேடினர். மீதி நேரத்தை ஒரு பூட்டிய அஞ்சலகத்தின் எதிரே பெஞ்சில் அமர்ந்து போக்கினர். இரண்டாம் ஊரில் மழை. துறைமுக வாயிற்கூரையின் கீழ் நின்று மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினர்.

"சாமி, நாளைக்காவது கடைவீதிப் பக்கம் வருவீங்களா, இல்ல மறுபடியும் பெஞ்சைத் தேடிப் போய்டுவீங்களா?" என்று முந்தின இரவு உணவு மேசையில் கேட்டார் ஒரு பல் மருத்துவர். மனைவியை இழந்தவர், தனியே வந்திருந்தார், பேசாமல் இருந்தால் வாய் துருப்பிடித்துவிடும் என்று அஞ்சுபவர்போலப் பேசுவார். "ஊர் ஊரா பெஞ்சுல உக்காரவா கப்பல் ஏறினீங்க? எங்க வீட்டு வாசல்லயே ஒண்ணு இருக்கு, சும்மாவே குடுத்திருப்பேன்."

"நாளைக்குப் பெஞ்ச் இல்ல டாக்டர்," என்றார் செவிலியம்மாள். "நாளைக்கு என் தம்பி."

"அப்படிப் போடுங்க! மச்சானைப் பாக்கப் போற மூஞ்சியா இது? சாமி ஏதோ பல்லு புடுங்கப் போறவர் மாதிரி இருக்காரு."

மெய்ப்பாளர் சிரிக்கவில்லை. சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. பதினோர் ஆண்டுக்கு முன் அவருடைய மாமனார், அதாவது செவிலியம்மாளின் தந்தை, ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். ஒரே மகனான தம்பி அப்போதுதான் இவ்வூருக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம். செய்தி கேட்டுப் புறப்பட்டவன், விமானம் தாமதம், மாலைக்குள் வந்துவிடுவேன், அப்பாவை எடுத்துவிடாதீர்கள் என்று தொலைபேசியில் கதறினான். முன்னின்று நடத்தியவர் மெய்ப்பாளர். நண்பகலுக்குமேல் நல்ல பொழுது இல்லை என்று அவர் கணித்து வைத்திருந்தார். பொழுது தவறக் கூடாது என்றார். எடுத்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் கழித்துத் தம்பி வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. தோளில் பையோடு வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஈரத் தரையை ஒருமுறை பார்த்தான்; அத்தானை ஒருமுறை பார்த்தான். மூன்றாம் நாள் போனவன் பிறகு வரவேயில்லை. அக்காளோடு மட்டும் பேசுவான்.

அப்படிப்பட்டவன், இவர்கள் கப்பலில் வருவதை அறிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்: "அக்கா, அத்தானையும் கூட்டிட்டு வா. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். நேர்ல கேக்கணும்."

என்ன கேட்பான் என்று தமக்குத் தெரியும் என்றே மெய்ப்பாளர் எண்ணினார். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பான். அந்தக் கேள்விக்குத் தம்மிடம் ஒரு விடை பதினோர் ஆண்டாக இருந்தது. அந்த விடை ஆண்டுக்காண்டு இளைத்து வருவதையும் அவர் அறிவார்.

அன்று காலை ஆறரை மணிக்கே செவிலியம்மாள் நாடக அரங்குக்குப் போய்ப் படகெண் ஒட்டுத்தாள் இரண்டு வாங்கி வந்தார். நான்காம் எண். ஒன்றைத் தம் கம்பளிச் சட்டையின் மார்பில் ஒட்டிக்கொண்டு, மற்றொன்றைக் கணவரின் சட்டையில் ஒட்டி நாற்காலியில் மாட்டினார். "நாலாம் படகு. எட்டு மணிக்கு மேல படித்துறையில பாரு" என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினார். உடனே விடை வந்தது: "இப்பவே வந்துட்டேன்."

இனி ஒரு சிறு செய்தி சொல்லவேண்டும். கப்பலை விட்டு இறங்கவும் ஏறவும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அதைப் பொறியில் காட்டாமல் எவரும் வாயிலைக் கடக்க முடியாது. முந்தின இரவு, பயணம் நல்லபடி முடியவேண்டும் என்று, அவ்விரண்டு அட்டைகளையும் செவிலியம்மாளே திருவுருப் படத்தின்முன் வைத்திருந்தார். கண்ணாடி மேசைமேல், வெந்நீர்க் கெண்டிக்குப் பக்கத்தில், சாய்த்து வைத்த படம். அதன் காலடியில் அட்டைகள். படத்தின்முன் வைத்த பொருளை வழிபாடு முடியும்வரை எவரும் தொடுவதில்லை என்பது நாற்பத்திரண்டு ஆண்டாக அவ்வீட்டின் ஒழுங்கு. அது மருத்துவச் சீட்டானாலும் சரி, பிள்ளையின் தேர்வுச் சீட்டானாலும் சரி.

ஏழரைக்கு மெய்ப்பாளர் நீராடி, நெற்றியில் நீறு துலங்க, படத்தின்முன் நின்று பாடத் தொடங்கினார். பத்துப் பாடலும் பயன் சொல்லும் கடைசிப் பாடலும் ஆகப் பதினொன்று. கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். நாள்தோறும் அதே அளவு. செவிலியம்மாள் அதை அறிந்தே எட்டு மணிக்கான எண்ணை வாங்கியிருந்தார்.

பதினோராம் பாடல் முடிந்தபோது ஏழு ஐம்பது. நடைவழி ஒலிபெருக்கி நான்காம் எண்ணுக்குரியோரை மூன்றாம் தளத்துக்கு அழைத்தது. செவிலியம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக் கொண்டு கதவருகே நின்றார். அப்போது மெய்ப்பாளர் மூச்சை இழுத்து இரண்டாம் பதிகம் ஒன்றைத் தொடங்கினார்.

தொடங்கிய அந்த நொடியில் அவருக்குத் தெரிந்திருந்தது. கூப்பிய கைகளுக்குள், கண்ணிமைகளுக்குள், ஒளித்துவைக்க முடியாத தெளிவோடு தெரிந்திருந்தது. இது இறைவனுக்குப் பாடுவதன்று. படகைப் போகவிடப் பாடுவது. ஆயினும் நா பாடிற்று. ஒவ்வோர் அடியையும் இருமுறை பாடினார். பண்ணை இழுத்து இழுத்துப் பாடினார். அத்துணை உருக்கமாக அவர் பாடிப் பல ஆண்டு ஆகியிருந்தது.

செவிலியம்மாள் ஒருமுறை இருமினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படத்தின் காலடியில் இருந்த தம் அட்டையைப் பார்த்தார். அது அவர் கைக்கு ஒன்றரை அடி தொலைவில் இருந்தது. "ஏங்க..." என்றார், மிக மெல்ல. பாட்டு நிற்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டில் பாட்டின் நடுவே அவர் அழைத்தது அதுவே முதன்முறை. நான்காம் எண்ணுக்கு இறுதி அழைப்பு வந்தது. பிறகு ஐந்து. பிறகு ஆறு.

எட்டு இருபதுக்கு வழிபாடு முடிந்தது. இருவரும் மூன்றாம் தளத்துக்கு இறங்கினர். கப்பலின் விலாவில் திறந்திருந்த இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு மிதவை மேடை. அதை ஒட்டிச் சிறுபடகு மேலும் கீழுமாக ஆடியது. ஒருமுறை மேடைக்கு மேலே முழங்கால் உயரம், மறுமுறை இடுப்பளவு பள்ளம். இரண்டு மாலுமிகள் ஒவ்வொரு பயணியின் இரு முழங்கைகளையும் பற்றி, படகு மேடைக்கு நேராக வரும் கணத்தில் "இப்போது" என்று சொல்லித் தள்ளி ஏற்றினர். ஏழாம் எண்ணுக்குரியோர் ஏறிக்கொண்டிருந்தனர். தவறவிட்டவர்கள் ஓரமாக நில்லுங்கள், இடமிருந்தால் ஏற்றுகிறோம் என்றார் வாயிலதிகாரி.

இவர்களுக்கு முன்னே மூவர் இருந்தனர். முதலில் நின்றவர் மழையங்கி அணிந்த பருத்த மனிதர். மாலுமி சொல்லும் முன்னரே காலை வைத்தார். படகு கீழே போயிற்று. அவர் மேடைக்கும் படகுக்கும் நடுவே சரிந்து, தொங்கி, மீட்கப்பட்டபோது அவருடைய கணுக்கால் திரும்பியிருந்த விதத்தைச் செவிலியம்மாள் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். எலும்பு போயிற்று. அவரைச் சுமந்துகொண்டு உள்ளே ஓடினார்கள். அதிகாரி கையடக்கக் கருவியில் யாரோடோ பேசினார். எட்டே முக்காலுக்குக் கப்பல் தலைவரின் குரல் எல்லாத் தளங்களிலும் கேட்டது: அலை ஏறிவிட்டது, இனி எவரும் கரைக்கு இறக்கப்படமாட்டார், முன்னமே இறங்கியவர்கள் அலை தணிந்ததும் திருப்பிக் கொணரப்படுவார்கள், வருந்துகிறோம்.

இரும்புக் கதவை மூடிச் சக்கரத்தைத் திருகினார்கள்.

செவிலியம்மாள் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த பிறமொழிச் சொற்களையெல்லாம் திரட்டினார். தம்பி, நோய், பதினோர் ஆண்டு. அதிகாரி நல்லவர். குனிந்து கேட்டார். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். கதவைத் திறக்கவில்லை.

மேல்தளத்தில் காற்று ஈரமாக அறைந்தது. எதிரே கரை ஒரு சாம்பற்கோடு. அதில் பாரந்தூக்கிகள் நாலைந்து, தலை குனிந்து நின்றன. அவற்றின் கீழே படித்துறை. கைப்பேசியில் தொடர்பு வருவதும் அறுவதுமாக இருந்தது. ஒன்பதரை மணிவரை அவ்வம்மாள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். மெய்ப்பாளர் ஓரடி பின்னே நின்றார். கடைசியில் மணி அடித்தது.

"சின்னவனே!"

"சொல்லுக்கா." குரல் அண்மையில் இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "எங்க இருக்க?"

"மேல, கப்பல் மேல நிக்கிறேன்டா. படகை நிறுத்திட்டாங்க. அலை..."

"பாத்தேன். துறைமுகத்துல இத்தனை வருஷம் வேலை பாத்தவனுக்கு அலை தெரியாதா?" சற்று நின்றான். மூச்சு வாங்கியது. "என் வேலைச் சட்டையப் போட்டுட்டு வந்திருக்கேன், ஆரஞ்சு கலர். தூரத்துலயே தெரியட்டும்னு. தெரியுதா?"

செவிலியம்மாள் கண்ணைக் குறுக்கிப் பார்த்தார். படித்துறையின் ஓரத்தில், ஒரு நெல்மணியளவு ஆரஞ்சு நிறம். அது சக்கர நாற்காலியின் உயரத்தில் இருந்தது.

"தெரியுதுடா. நல்லாத் தெரியுது. ஏன் நாற்காலியில உக்காந்திருக்க? கால் வீங்கியிருக்கா? நேத்து எவ்வளவு தண்ணி குடிச்ச? உடம்பு அரிக்குதா?"

"அக்கா, இதைக் கேக்கவா கப்பல் ஏறி வந்த? எங்க வார்டு நர்ஸே பரவால்ல போல." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறிற்று. அடங்கியபின், வேறு குரலில் கேட்டான். "நாலாம் படகு எட்டேகாலுக்கே வந்துடுச்சுக்கா. ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசி ஆள் இறங்கி, படகைக் கழுவி, திரும்பிப் போயிடுச்சு. அப்ப அலை இல்லையே."

அவர் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"அத்தான் வரமாட்டேன்னுட்டாரா?"

"இல்லடா. பூசை... கொஞ்சம் நேரமாயிடுச்சு."

"ஓ," என்றான் தம்பி. "அத்தான் நேரம் தவறமாட்டாரே."

குத்தவேண்டும் என்று சொன்ன சொல் அன்று அது, வியப்பாகவே சொன்னான். செவிலியம்மாள் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி உருவாகிக்கொண்டிருப்பதை மெய்ப்பாளர் கண்டார். அது முற்றி வாய்க்கு வருமுன் அவர் கையை நீட்டினார்.

"குடு."

"எதுக்கு?"

"குடும்மா. நான் பேசணும்."

கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தார். பதினோர் ஆண்டுக்குப் பின் முதல் சொல். "நான்தான் பேசுறேன். நேரமாயிடலை. நானாத்தான் நேரமாக்கினேன். ஒரு பதிகம் முடிஞ்சப்ப படகுக்கு நேரம் இருந்துச்சு. ரெண்டாவது பாடினது உனக்குப் பயந்து. உங்கக்காவுக்கு இது இப்பத்தான் தெரியுது. பக்கத்துலதான் நிக்கிறா."

காற்று இரைந்தது. செவிலியம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"என்ன பயம் அத்தான்?" என்றது குரல். "நான் பாதி ஆளு. உங்களை என்ன பண்ணிடப்போறேன்?"

"ஏன் காத்திருக்கலைன்னு கேப்ப."

"அதைக் கேட்டு என்ன ஆகப்போகுது? அதுக்கு நானே ஒரு பதிலைச் சொல்லிக்கிட்டு அஞ்சாறு வருஷமாச்சு." மூச்சு வாங்கினான். "நான் கேக்க நெனச்சது வேற. அப்பா முகம் எப்படி இருந்துச்சு? கடைசியா. யாரைக் கேட்டாலும் தூங்குற மாதிரி இருந்துச்சுன்னு சொல்றாங்க. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க. நீங்க எழுத்துக்கு எழுத்து பாக்குறவரு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னுதான்."

மெய்ப்பாளர் கண்களை மூடிக்கொண்டார். ஒரு பொய் எளிதாக இருந்தது. அது நாவின் நுனிவரை வந்து நின்றது. வாழ்நாள் முழுதும் ஒரு பிழையையும் கடந்துபோக விடாத மனிதர், இதை மட்டும் கடந்துபோக விடலாமா என்று ஒரு கணம் எண்ணினார்.

"தாடையில ரெண்டு நாள் மழிக்காத நரைமுடி இருந்துச்சு. வலி இல்ல, நெத்தி சுருங்காம இருந்துச்சு. வாய் மூடியிருந்துச்சு." நிறுத்தினார். "இடது கண்ணு மட்டும் மூடல. நான் மூடினேன். மறுபடி கொஞ்சம் திறந்துக்கிச்சு. ரெண்டு தடவை மூடினேன். வாசலைப் பாத்த மாதிரியே இருந்துச்சு. உனக்காகத்தான்னு எனக்கு அப்பவே தோணுச்சு. தோணியும் நான் கடிகாரத்தைப் பாத்தேன்."

சொல்லி முடித்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி முழுதும் சாரல் படிந்திருந்தது. கரையில் அந்த ஆரஞ்சு நிறம் அசையவில்லை.

"போதும் அத்தான்," என்றான் தம்பி. "இடது கண்ணா? எனக்கும் அதுதான் தூங்கும்போது மூடாதுன்னு அம்மா சொல்லுவா." பிறகு, "அக்காகிட்ட குடுங்க" என்றான்.

பதினொரு மணிக்கு அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி வரும். அதுவரை அக்காளும் தம்பியும் தொடர்பை அறுக்கவில்லை. பேசியது குறைவு. அவன் இருமினால் இவர் காத்திருந்தார். ஒருமுறை, "அந்தக் கார்டை நான் கை நீட்டி எடுத்திருக்கலாம்டா" என்றார் செவிலியம்மாள். "ஒன்றரை அடி. எடுத்துட்டு நான் மட்டும் வந்திருக்கலாம். கை போகல." அவன், "விடுக்கா, உன் கை எப்பவும் அப்படித்தான்" என்றான். பதினொன்றேகாலுக்கு அந்த நிறம் மெல்ல நகர்ந்து ஒரு வெள்ளை வண்டிக்குப் பின்னே மறைந்தது.

மெய்ப்பாளர் உணவுக்கூடத்திலிருந்து காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து நீட்டினார். செவிலியம்மாள் வாங்கி, கம்பியோரம் வைத்தார். அது அங்கேயே ஆறியது.

மூன்று மணிக்கு அலை சற்றுத் தணிந்தது. கரையில் சிக்கியிருந்தவர்கள் படகு படகாக வந்து ஏறினார்கள். தோளில் கடைப்பைகள், தலையில் புதுத் தொப்பிகள், நனைந்த காலணிகள். பல் மருத்துவர் நேரே இவர்களைத் தேடி மேல்தளத்துக்கு வந்தார். அவர் வாய் அன்று முதன்முறையாகத் தயங்கிற்று.

"அம்மா, உங்க தம்பியப் பாத்தேன். நானும் நாலாம் நம்பர்தானே? சட்டையில நம்பரைப் பாத்துட்டு என்னை நிறுத்திக் கேட்டாரு. பின்னால வருவாங்கன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தா அங்கயே இருக்காரு. கூட உக்காந்து காபி குடிச்சேன். அவரு குடிக்கல, தண்ணி காபிக்கெல்லாம் அளவு இருக்காமே. பல்லு பாத்துச் சொல்லுங்கன்னு வாயைத் தொறந்து காட்டுறாரு, குறும்பு." சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாரு. அக்காகிட்ட காட்டுங்கன்னாரு."

செவிலியம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். பதினோர் ஆண்டுக்குப் பின் கண்ட முகம். உடன்பிறந்தவராய் ஒரு கணந்தான் பார்க்க முடிந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுப் பணி அவருடைய கண்களை எடுத்துக்கொண்டது. கண்ணுக்குக் கீழே தேங்கிய நீர். மஞ்சளும் சாம்பலும் கலந்த தோல். உயர்த்திக் காட்டிய கையில் ஊசி ஏறிக் கட்டிதட்டிய நரம்பு. கழுத்தெலும்பின் பள்ளம். சட்டைக் கழுத்து எத்துணைத் தளர்ந்திருக்கிறது என்பதையும் அவர் கண்டார். இன்னும் எத்தனை மாதம் என்று எவரும் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்று. இறைவன் இரங்கினால் நான்கு. இக்கப்பல் இவ்வூருக்கு மறுமுறை வருவது அடுத்த கூதிரில்.

"நல்லாத்தான் இருக்காரு, இல்ல?" என்றார் பல் மருத்துவர்.

"ஆமா டாக்டர்," என்றார் செவிலியம்மாள். "சிரிக்கிறான்."

அவர் போனபின், மெய்ப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இப்ப வேணாங்க," என்றார் மனைவி. கடுமையாகச் சொல்லவில்லை, நோயுற்ற குழந்தையின் அறையில் பேசுவதுபோல் சொன்னார். "என்னைக்காவது கோவம் வரும். அப்ப கேக்குறேன். இப்ப வரல. உள்ள ஒண்ணுமே இல்ல."

ஐந்தரை மணிக்கு நங்கூரச் சங்கிலி ஏறும் ஒலி கப்பலின் எலும்பெல்லாம் நடுங்கக் கேட்டது. ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. அவற்றுள் எது மருத்துவமனை என்று தெரியவில்லை. அது மாலை வழிபாட்டுக்குரிய பொழுது. மெய்ப்பாளர் அறைக்குப் போகவில்லை.

அவர் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். கரையை நோக்கித் திரும்பினார். இறைவன் திருமுன்னன்றி வேறெங்கும் வணங்கி அறியாத உடல், ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, முதலில் ஒரு முழங்கால், பிறகு மறு முழங்கால் எனத் தளத்தில் ஊன்றியது. மழைநீர் தேங்கிய பலகையில் நெற்றியை வைத்தார். அவர் வாயிலிருந்து ஓர் அடியும் எழவில்லை. நீறு கரைந்து பலகையில் வெண்மையாய் ஓடிற்று. அப்படியே கிடந்தார்.

செவிலியம்மாள் அவரை எழுப்பவில்லை, விலகவும் இல்லை. விலகும் கரையை நோக்கித் தம் வலக்கையை மெல்ல நீட்டினார், ஒரு சிறு தலையைத் தொடுவதுபோல.

"நோகாம இருடா சின்னவனே," என்றார். "எங்க இருந்தாலும், எத்தனை நாள் இருந்தாலும், நோகாம இரு."